நான் பென்குயின் விற்ற ஊர்கள்

பள்ளிக்கூடங்களுக்குச் சார்ட் விற்கிற தொழிலில் பாதி ஆயுள் பஸ்ஸில் போகும், மீதி ஆயுள் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றே போகும். தோளில் பையும் கக்கத்தில் படச்சுருளுமாக அலைந்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. "சார் வெளியே போயிருக்காரு" என்று வாசலில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அந்த சார் டீயை ஆற்றுகிற சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

எண்பதுகளின் நடுவிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் நான் சிவகாசி அச்சகம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் முழுக்க என் ஏரியா. பழங்கள், காய்கறிகள், உடல் உறுப்புகள், தேசத் தலைவர்கள் என்று எதை விரித்தாலும் விற்றுவிடுவேன். மாம்பழம் மாம்பழம் மாதிரி இருந்தால் போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஊர் ஊராக நின்று நான் பதில் சொல்ல நேர்ந்தது ஒரே ஒரு பறவையால்தான். அதுவும் பறக்காத பறவை.

சிரிக்கிற கரடி

எங்கள் அச்சக முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் புது சார்ட் ஒன்றை மேஜையில் விரித்தார். மேலே சிவப்பு எழுத்தில் 'பனிப்பிரதேச உயிர்கள்'. நடுவில் ஒரு பனிவீடு, அதன் வாசலில் ரோமச் சட்டை போட்ட மனிதர், இடது பக்கம் ஒரு வெள்ளைக் கரடி. கரடிக்கு நாலடி தள்ளி, ஸ்கூல் பிரேயருக்கு நிற்கிற மாதிரி ஐந்து பென்குயின்கள். கரடி அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "இது ஓடும் அண்ணாச்சி" என்று அடித்துச் சொன்னேன்.

ஓடியது. ராஜபாளையத்தில் மில் தெருவை ஒட்டி ஓர் ஆரம்பப் பள்ளி. மார்ச் மாதக் கடைசி, உச்சி வெயில், கரண்ட் இல்லை. தலைமையாசிரியர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் சார்ட்டை விரித்ததும் விசிறுவதை நிறுத்தினார். வகுப்புக்கு ஒன்று எடுத்துக்கொண்டவர், இன்னொன்றைத் தன் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். எதற்கு சார் இரண்டு என்று கேட்டேன். "செத்த நேரம் இதையே பாத்துக்கிட்டிருந்தா ஃபேன் வேண்டாம்யா" என்றார்.

கூமாப்பட்டியில் ஒரு உலக உருண்டை

மூன்று மாதத்தில் என் ஏரியாவில் அந்தக் கரடி சிரிக்காத பள்ளிக்கூடமே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மிச்சம் இருந்தது கூமாப்பட்டி. மலையடிவாரத்து ஊர். அங்கே நடுநிலைப் பள்ளியில் சண்முகத்தாய் டீச்சர் என்று ஒருவர் சமூகவியல் எடுத்தார். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட நூல் சேலை, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். சார்ட்டைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, பசிபிக் கடல் பக்கம் நெளிந்துபோன ஒரு தகர உலக உருண்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"தம்பி, கரடி இங்க இருக்கு" என்று உச்சியில் கட்டைவிரலை வைத்தார். "பென்குயின் இங்க இருக்கு" என்று அடியில் சுண்டுவிரலை வைத்தார். "நடுவுல எம்புட்டு நெலம், எம்புட்டுக் கடல் கெடக்குன்னு பாருங்க. இது ரெண்டும் ஒண்ணையொண்ணு பொறந்ததுல இருந்து பாத்ததில்ல. உங்க படத்துல மட்டும் எப்படிச் சம்பந்தம் பேசிக்கிட்டு நிக்குது?"

நான் அசரவில்லை. தொழிலில் அப்போது எனக்கு அப்படி ஒரு திமிர். சிவகாசியிலேயே பெரிய பிரஸ்களில் ஒன்று டீச்சர், நாலு கலர் மெஷின் டீச்சர், அவர்கள் தப்பாகப் போடுவார்களா என்று கேட்டேன். அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில் இதை எல்லாரிடமும் சொல்லப்போவதாக டீச்சர் அமைதியாகச் சொன்னார். சார்ட்டை அவரே நேர்த்தியாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என் கையில் கொடுத்தார். "பிரஸ் பெருசா இருந்தா தப்பும் பெருசாத்தான் விழும் தம்பி" என்றார்.

பென்குயினே சொன்ன மாதிரி

சொன்னபடி கூட்டத்தில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் போகிற இடமெல்லாம், போன தடவை வாங்கிய சார்ட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விற்றதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற அவமானம் இருக்கிறதே, அதை என் போன்றவர்களிடம்தான் சொல்ல முடியும். நேரே சிவகாசி போய், "அண்ணாச்சி, இந்தப் படம் தப்பு. இனிமே இதை நான் தூக்க மாட்டேன்" என்றேன்.

"தூக்க மாட்டேன்னா பையை வச்சிட்டுப் போ" என்றார் அண்ணாச்சி, ஏறெடுத்துப் பார்க்காமல். என் மனைவிக்கு அப்போது குழந்தை பிறந்து மூன்று மாதம். ஆனாலும் பையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கரடி இல்லாமல் அந்தப் பறவை எங்கே இருக்கிறது, எந்தெந்த நாட்டில் இருக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதிக்கொண்டு வந்தால், பள்ளிக்கூடம் திறக்கும்போது புது சார்ட் அடிக்கலாம் என்றார். இல்லாவிட்டால் நான் வேறு பிரஸ் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பையைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். "டீச்சர் சொன்னாங்க, வாத்தியார் சொன்னாருன்னு வரப்படாது. பென்குயினே சொன்ன மாதிரி இருக்கணும்."

பூமத்திய ரேகையில் ஒரு பறவை

நான் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் தேறியது எனக்கே ஆச்சரியம். ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் தடித்தடியாக ஆங்கிலக் கலைக்களஞ்சியம் இருந்தது. வெளியே எடுத்துப்போக முடியாது. படித்தாலும் எனக்குப் புரியாது. நூலகர் பட்டாபிராமன் சார் நெற்றியில் திருமண்ணோடு, கோயிலில் பாசுரம் சேவித்துவிட்டு நேரே வேலைக்கு வருகிறவர். என் கதையைக் கேட்டதும் சாவியை எடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார், பாசுரத்துக்குப் பொருள் சொல்லுகிற அதே குரலில் தமிழில் சொல்லுவார். நான் எழுதிக்கொள்வேன். இப்படி மூன்று நாள்.

அந்த மூன்று நாளில் என் மண்டைக்குள் இருந்த பனி முழுக்க உருகிவிட்டது. பதினேழு பதினெட்டு வகைப் பென்குயின் இருக்கிறதாம். நம் ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் நிற்கிற பெரிய வகை தென்துருவப் பனியில்தான் குஞ்சு பொரிக்கும். ஆனால் எல்லாமே பனியில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மணல் கரையில் ஒரு வகை. அர்ஜென்டினாவில் புதருக்கு அடியில் வளை தோண்டிக்கொண்டு ஒரு வகை. நியூசிலாந்தில் காட்டு மரத்து வேருக்குள் முட்டை இடுகிற வகை. ஆஸ்திரேலியாவின் தென்கரையில், நம் கோழியை விடச் சின்னதாக, இருட்டுகிற நேரம் பார்த்துக் கடலிலிருந்து கரையேறுகிற வகை. பெருவில் மழையே பார்க்காத பாலைவனக் கரையில் ஒன்று. கடைசியில் கலாபகஸ் என்று ஒரு தீவுக் கூட்டம், அது பூமத்திய ரேகை மேலேயே இருக்கிறது. அங்கேயும் ஒரு வகை.

"பூமத்திய ரேகையிலயா சார்? நம்மூரை விட வெயிலா இருக்குமே!" என்று கத்திவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரையில்தான் வெயில், கரையை ஒட்டி ஓடுகிற கடல் நீரோட்டம் குளிர்ந்தது, குளிர்ந்த தண்ணீரில் மீன் அதிகம், மீன் இருக்கிற இடத்தில் பென்குயின் இருக்கிறது என்று சார் விளக்கினார். எங்கே போனாலும் அது பூமியின் தெற்குப் பாதியை விட்டு வரவில்லை, கலாபகஸில் மட்டும் ரேகையைக் கொஞ்சம் தாண்டி எட்டிப் பார்த்திருக்கிறது. புத்தகத்தை மூடி, அலமாரியைப் பூட்டிவிட்டு, சன்னலுக்கு வெளியே கொதித்துக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தார். "அதோட நிறுத்திண்டதே, இன்னும் கொஞ்சம் வடக்கே வந்திருந்தா நம்ம தாலுகாவாயிருக்கும்" என்றார்.

ஹவில்தார் கொண்டுவந்த பரிசு

சுந்தரபாண்டியத்தில் போய் ஹவில்தார் வீடு எது என்று கேட்டால், எந்த ஹவில்தார் என்று கேட்பார்கள். அம்புட்டுப் பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள். பனிக்குப் போன ஹவில்தார் என்று கேட்டால்தான் முத்தையா வீட்டைக் காட்டுவார்கள். ராணுவத்தில் கட்டடப் பிரிவில் இருந்தவர். தென்துருவத்தில் நம் நாட்டுக்காரர்கள் தங்குவதற்கு வீடு கட்டப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டு, அவரைத் தேடிப் போனேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், பென்குயின் என்று சொன்னதும் வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். "காத்து அடிச்சா ஆளைச் சாய்ச்சிப்புடும் தம்பி. ஒருநா காத்து நின்னுச்சு. வெளியே வந்து பலகையை அடுக்கிக்கிட்டிருந்தோம். கடல் பக்கமிருந்து ஏழெட்டுப் பேரு நடந்து வாராங்க. மனுசங்கன்னே நெனச்சேன். கிட்ட வந்தா இது. நாங்க வெலகி வழிவிட்டோம், அது போகல. எங்க எதிர்ல நின்னு வேலையை மேற்பார்வை பாத்துச்சு. ஒண்ணு என் பூட்ஸ் கயித்தைக் கொத்தி இழுத்துப் பாத்துச்சு" என்றார். கரடி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "கரடி இருந்தா அது எங்ககிட்ட வந்து நிக்குமா? தரையில தன்னை வெரட்டுற மிருகம் எதையும் அது பாத்ததே இல்ல தம்பி. பயப்படணும்னே அதுக்குத் தெரியல." பெட்டியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். சிவப்புக் கோட்டில் அவர், பின்னால் கறுப்பும் வெள்ளையுமாக நாலு குட்டை உருவங்கள். அதைக் கடனாகக் கேட்டபோது ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு பிளாஸ்டிக் உறையோடு கொடுத்தார்.

அவர் மனைவி பேச்சியம்மாள் எனக்கு மோர் கொண்டுவந்தார். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கூழாங்கல் இருந்தது. என்ன சாமி அக்கா அது என்று கேட்டேன். ஹவில்தார் திரும்பி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பறவைகளில் ஆண் கூழாங்கல்லாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, கூடு கட்டுவதற்காகப் பெண்ணின் முன்னால் வைக்குமாம். கூட வந்த விஞ்ஞானி சொன்னதை ஹவில்தார் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "ஒரு வருசத்துக்கு மேல கண் காணாத தேசத்துல கெடந்துட்டு, அவியளும் எனக்கு ஒரு கல்லத்தான் பொறுக்கிட்டு வந்தாவ" என்றார் பேச்சியம்மாள், கல்லைத் துடைத்து வைத்துக்கொண்டே.

இடுப்பு எங்கே?

போட்டோவையும் என் நோட்டையும் அண்ணாச்சி முன்னால் வைத்தேன். கலர் புள்ளி பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து, போட்டோவில் ஒவ்வொரு மூலையாகக் கரடியைத் தேடினார். கிடைக்கவில்லை. "அடிப்போம்" என்றார். அவ்வளவுதான். உலக வரைபடம், அதில் எந்தெந்தக் கரையில் எந்தெந்தப் பென்குயின் என்று படத்தோடு ஒரு சார்ட். தலைப்பு 'பென்குயின்கள் வாழும் இடங்கள்'.

வரையவேண்டியவர் எங்கள் ஓவியர் பிச்சையா. காலண்டருக்கு லட்சுமி, முருகன் வரைந்தே தலை நரைத்தவர். முதல் நாள் அவர் வரைந்த பென்குயினுக்கு மை தீட்டிய நீளக் கண். இரண்டாம் நாள் வரைந்ததன் காலடியில் தாமரை வந்துவிட்டது, கைப்பழக்கம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருத்தச் சொன்னேன். கலாபகஸ் பறவைக்குப் பின்னால் கறுப்புப் பாறை வேண்டும், பெரு பறவைக்குக் காலடியில் மண் வேண்டும், பனி கூடாது. மூன்றாம் நாள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "எந்தத் தேவதையைக் கேட்டாலும் தலையிலிருந்து பாதம் வரைக்கும் அளவு சொல்லுவேன் தம்பி. இதுக்கு இடுப்பு எங்க இருக்குன்னு மட்டும் காட்டு, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

டவுன் பஸ்

புது சார்ட் கட்டோடு கிருஷ்ணன்கோவிலில் பஸ் ஏறினேன். நிற்க இடமில்லை. சுருளின் நுனி ஓர் அம்மாளின் கொண்டையில் குத்திவிட்டது. அந்தம்மா சத்தம் போட, கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து உள்ளே என்ன என்று கேட்டார். பென்குயின் என்றேன். ஒரு நிமிஷம் சுருளையே பார்த்தார். "உசுரோட இருந்தா லக்கேஜ் டிக்கெட், படம்னா மடியில வச்சுக்க."

மணலில் நின்றதால் வந்த வினை

இனி என்னை யார் தடுக்க முடியும் என்ற தைரியத்தில், ராஜபாளையம் மில் தெருப் பள்ளிக்கே முதலில் போனேன். எதிர்ச் சுவரில், அவர் மட்டும் திருப்பித் தராத பழைய கரடி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. புது சார்ட்டை விரித்தேன். தலைமையாசிரியர் நெற்றியைச் சுருக்கினார். "பனி எங்கய்யா?" என்றார். கீழே இருக்கிறது சார், தென்துருவத்தில் மட்டும்தான் பனி, இங்கே மணல், இங்கே புதர், இங்கே காடு என்று கூமாப்பட்டி டீச்சர் மாதிரியே விரல் வைத்துக் காட்டினேன். பாலைவனக் கரையில் என் விரல் நின்றபோது அவர் சார்ட்டைத் தன் கையாலேயே மடக்கினார்.

சரியான படம் விற்காது என்பதை எந்த முதலாளியும் பிரதிநிதிக்குச் சொல்லித் தருவதில்லை. அந்த மாதம் ஏழு பள்ளிக்கூடத்தில் ஏழு விதமாக இதையே சொன்னார்கள். பென்குயின் என்றால் பனி, பனி இல்லாவிட்டால் அது வேறு ஏதோ வாத்து. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. மில் தெரு சார் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார், கோபமெல்லாம் இல்லை. "போன வருசம் கரடிக்குப் பக்கத்துல இருக்குன்னு நீதான் சொன்ன. இந்த வருசம் வெயில்ல காயுதுன்னு நீதான் சொல்லுத. மொதல்ல நீ ஒரு முடிவுக்கு வந்துட்டு வாய்யா" என்றார்.

ஐஸ்கிரீம் கடை

அச்சடித்த கட்டுகள் சிவகாசியில் கூரை வரை நின்றன. அண்ணாச்சி என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார். திட்டினால்கூடத் தேவலை. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றால் வேறு இடம் பார்ப்போம் என்று, ராஜபாளையத்தில் புதிதாகத் திறந்திருந்த ஓர் ஐஸ்கிரீம் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவில் பென்குயின் படம் ஒட்டியிருந்ததால் வந்த நம்பிக்கை. முதலாளி இளைஞர், தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர், மரியாதையாக ஒரு கப் வெனிலா கொடுத்துவிட்டு சார்ட்டைப் பொறுமையாகப் பார்த்தார். தென்துருவம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். பெருவுக்கு வந்ததும் தலை நின்றுவிட்டது. "மன்னிச்சுக்குங்கண்ணே. ஐஸ்கிரீம் கடையில மணல்ல நிக்கிற பென்குயினை மாட்டினா, கரண்டு போயி எல்லாம் உருகிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

இரண்டு படங்கள், ஒரு சுவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கல்விக் கண்காட்சி நடந்தது. சண்முகத்தாய் டீச்சர் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தார். பழைய சார்ட்டில் ஒன்று, புதிதில் ஒன்று எடுத்துக்கொண்டு வரவும், சட்டை இஸ்திரி போட்டிருக்கவும். போனேன். இரண்டையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னார். கீழே, எது சரி என்று ஒரே ஒரு வரி எழுதிய அட்டை. நெளிந்த அந்த உலக உருண்டையையும் கூமாப்பட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பார்வையிட வந்த கல்வி அதிகாரி வேறு யாருமில்லை, பழைய சார்ட்டைப் பள்ளிகள் வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர். அந்தச் சுவர் முன்னால் நின்றதும் அவருக்கே அது ஞாபகம் வந்துவிட்டது. பின்னால் பத்துப் பதினைந்து ஆசிரியர்கள், அவர்களில் மில் தெரு சாரும் இருந்தார். "இது நான் கையெழுத்துப் போட்டதுல்லா?" என்றார் அதிகாரி. "ஆமா சார். தப்பான படம்" என்றார் டீச்சர், கையைக் கட்டிக்கொண்டு, குரலை ஏற்றாமல். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, ரெண்டையும் நீதான வித்த? எதை நம்பச் சொல்லுத?"

என் வாழ்க்கையில் நான் நன்றாகப் பேசியது அந்த ஐந்து நிமிஷம்தான். "அது தப்பு சார். தெரியாம வித்தேன். இது தெரிஞ்சு விக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். உருண்டையைக் கையில் எடுத்து, தென்துருவத்தில் தொடங்கி, அதைச் சுற்றியுள்ள தீவுகள், ஆப்பிரிக்கக் கரை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்காவின் இரண்டு பக்கமும் ஏறி, பூமத்திய ரேகையில் கொண்டுபோய் விரலை நிறுத்தினேன். எந்த ஊரில் எதில் கூடு கட்டும், ஏன் அங்கே இருக்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. ஹவில்தார் பூட்ஸ் கயிற்றையும் சொன்னேன். அதிகாரி உருண்டையை வாங்கித் தானே ஒரு தடவை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். டீச்சர் மேல் நடவடிக்கை வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அதிகாரி சிரித்துவிட்டார். "என் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டுக் கரடி தெற்கே போகாது டீச்சர். பழசைக் கழத்தச் சொல்லிருங்க" என்றார்.

எந்தக் கரை?

அதற்குப் பிறகு கட்டுகள் விற்றுக் குறைந்து, சிவகாசியில் கூரை தெரிந்தது. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்து, பென்குயினைப் பள்ளிக்கூடத்துக்கு வருமுன்பே பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் சார்ட் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தக் காலத்தில் ஒருநாள் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னை நிறுத்தினார். பெயர் குருசாமி, நூல் மில்லில் ஃபிட்டர். பென்குயின் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் நீங்கள்தானே என்று கேட்டார். உடனே வீட்டுக்கு வர முடியுமா என்றார். வைத்தியரைக் கூப்பிடுகிற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய் இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. அன்றைக்குக் காலையில்தான் படம் போட்ட ஒரு தபால் கார்டு வந்திருந்தது. பின்பக்கம், நல்லாயிருக்கேன் அம்மா என்று மட்டும் எழுதி, மிச்சம் மழையில் நனைந்து கலைந்துபோயிருந்தது. முன்பக்கம் மணல் கரை, வெள்ளைப் பாறை உருண்டைகள், நடுவில் பென்குயின்கள். அந்தம்மா அதைப் பார்த்து, பிள்ளை பனியில் மாட்டிக்கொண்டான் என்று அழுதுகொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தேன். பறவைக்கு மார்பில் ஒரு கறுப்புப் பட்டை, கண்ணுக்கு மேல் இளஞ்சிவப்புத் தோல். நூலகத்தில் கேட்ட மூன்று நாள் பாடம் வீண்போகவில்லை. "அம்மா, இது பனி இல்ல. தென்னாப்பிரிக்கா. நம்மூரு மாதிரி வெயில் அடிக்கிற ஊரு, ஜனங்க கடல்ல குளிக்கிற கரை" என்று சார்ட்டை விரித்து இடத்தைக் காட்டினேன்.

அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு, நான் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அது என்ன தின்னும் என்று கேட்டார். மீன்தான் அம்மா, அந்தக் கடலில் நிறைய மீன் உண்டு என்றேன். மகனைப் பார்த்துச் சோற்றுப் பானையைக் காட்டினார். எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம், ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்கிறவர் மாதிரி, நிதானமாகக் கேட்டார். "அந்தப் பறவைக்கே வயிறு நெறையுதுன்னா, எம்புள்ள பட்டினி கெடக்க மாட்டான்ல?"

பத்து வருஷம் பூமியின் தெற்குப் பாதி முழுவதையும் டவுன் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு திரிந்த நான், கன்னியாகுமரிக்குத் தெற்கே இன்றுவரை ஓர் அடிகூடப் போனதில்லை.